ஹவுஸ் ஃபிளாக்: வீட்டுக்கொடி அன்று, நிறுவனக் கொடி

கப்பல் வரலாற்றைத் தமிழில் எழுத முற்படுவோரை 'ஹவுஸ் ஃபிளாக்' என்ற தொடர் எளிதில் தடுமாற வைக்கும். 'ஹவுஸ்' என்றால் வீடு, 'ஃபிளாக்' என்றால் கொடி என்று சொல்லுக்குச் சொல் வைத்து 'வீட்டுக்கொடி' என எழுதினால், கப்பலுக்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் திகைப்பார்.

ஒரு கப்பல் நிறுவனம் தனக்கெனத் தேர்ந்துகொண்டு, தன் கப்பல்கள் அனைத்திலும் ஒரே நிறத்திலும் வடிவத்திலும் பறக்கவிடும் கொடியே ஹவுஸ் ஃபிளாக். கப்பலின் பின்முனையில் பறக்கும் கொடி அது எந்த நாட்டில் பதிவு பெற்றது என்பதைக் காட்டும்; பாய்மர உச்சியில் பறக்கும் இக்கொடியோ அதன் உடைமையாளர் யார் என்பதைக் காட்டும். இங்கு 'ஹவுஸ்' என்பது வணிக நிறுவனத்தைக் குறிக்கிறது. குடும்பமாக வாணிகம் செய்தோரின் மனையே அவர்களது தொழிற்பெயராகவும் நின்ற காலத்தில், ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அப்பொருள் ஏற்பட்டது.

வானொலிச் செய்தி இல்லாத நாளில் இக்கொடி அழகுக்காகக் கட்டப்பட்டதன்று. லிவர்பூல் துறைமுகத்துக்கு எதிரே உள்ள பிட்ஸ்டன் குன்றில் 1763 முதல் வரிசையாகக் கொடிமரங்கள் நின்றன. கடலில் ஒரு கப்பல் தென்பட்டதும், அதற்குரிய வணிகரின் கொடியைக் காவலர்கள் அங்கே ஏற்றுவார்கள். நகரத்தில் இருக்கும் வணிகர் அதைக் கண்டு, கப்பல் துறையை அடைவதற்கு முன்பே ஆட்களையும் இடத்தையும் ஆயத்தம் செய்துகொள்வார். தொலைநோக்கியில் பிழையின்றித் தெரிய வேண்டும் என்பதால்தான் இக்கொடிகள் பெரும்பாலும் எழுத்தின்றி, இரண்டு மூன்று அழுத்தமான நிறங்களில் அமைந்தன.

நிறங்களுக்குள் வரலாறு பொதிந்திருப்பதும் உண்டு. 1837-இல், ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்துக்கு அஞ்சல் கொண்டுசெல்லும் ஒப்பந்தம் பெற்று, பின்னர் பி அண்ட் ஓ (பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல்) எனப் பெயர் கொண்ட பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் கொடி, மூலைக்கு மூலை கோடிட்டு நான்கு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டது. நீலமும் வெள்ளையும் போர்ச்சுகலின் அரச நிறங்கள், சிவப்பும் மஞ்சளும் ஸ்பெயினுடையவை.

தமிழ்க் கடற்கரைக்கு மிக நெருங்கியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கொடி. வில்லியம் மக்கின்னன் 1856-இல் கல்கத்தாவுக்கும் இரங்கூனுக்கும் இடையே அஞ்சல் கப்பல் விடுவதற்காகத் தொடங்கிய நிறுவனம், 1862-இல் இப்பெயர் பெற்று, இந்தியக் கரையோரத் துறைமுகங்களை இணைக்கும் பெருநிறுவனமாக வளர்ந்தது. வெள்ளைத் துணியில் பெருக்கல் குறி போன்ற சிவப்புச் சிலுவை, நுனி இரண்டாகப் பிளந்த வடிவம், இதுவே அதன் கொடி. 1914-இல் பி அண்ட் ஓ-வுடன் இணைந்த பின்னரும் அக்கொடி நெடுங்காலம் இறங்கவில்லை. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தமிழர்கள், கண்ணீரோடு கரையைத் திரும்பிப் பார்த்தபோது அவர்கள் தலைக்கு மேல் பறந்தது இக்கொடிதான்.

இந்நிறுவனத்தை எதிர்த்து வ. உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் நிறுவிய கம்பெனியைச் 'சுதேசி நாவாய்ச் சங்கம்' என்று வழங்குகிறோம். அவ்வழியில் சென்றால் 'சங்கக் கொடி' என்பது பொருந்தும். ஆயினும் இன்று சங்கம் என்றதும் தொழிலாளர் அமைப்போ உறுப்பினர் கழகமோ நினைவுக்கு வருவதால் அது மயக்கம் தரும். தமிழிலும் வீட்டைக் குறிக்கும் 'அகம்' பதிப்பகம், அச்சகம், மருந்தகம் என்று தொழிலிடத்தைச் சுட்டுகிறது. ஆங்கில 'ஹவுஸ்' நடந்த வழியிலேயே நம் சொல்லும் நடந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. எனினும் 'அகக்கொடி' என்று தனித்து எழுதினால் உள்ளம் என்ற பொருளே முந்தி நிற்கும். 'வணிகக் கொடி'யும் ஏற்றதன்று. இந்திய வணிகக் கப்பல்கள் பின்முனையில் பறக்கவிடும், மூவண்ணத்தை மூலையில் கொண்ட செந்நிறக் கொடிக்கு அப்பெயர் தேவைப்படும்.

ஆகவே 'நிறுவனக் கொடி' என்பதே தெளிவான சொல். முதல் இடத்தில் 'கப்பல் நிறுவனக் கொடி' என்று விரித்து எழுதி, பின்னர் 'நிறுவனக் கொடி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

'கொடி'யைப் பற்றி ஐயமே வேண்டியதில்லை. படரும் செடியையும் காற்றில் அசையும் துணியையும் ஒருங்கே குறிக்கும் அச்சொல், கப்பலோடு சேர்ந்தே பழந்தமிழில் நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசைப்படுத்தும் பட்டினப்பாலை, புகார்த் துறையில் அசையும் நாவாய்களின் பாய்மரத்து மேல் பறந்ததை 'மிசைக் கூம்பின் நசைக் கொடி' என்கிறது. கூம்பு என்பது பாய்மரம். நசைக் கொடி என்பது காண்போர் விரும்பும் கொடி.