கேஜ்: எந்த அகலம்?

மலையகத்தில் ‘கேஜ்’ என்ற சொல் காதில் விழாமல் ஒரு வாரம் போகாது. கூரைத் தகரம் வாங்கக் கடைக்குப் போனால் “எத்தனை கேஜ்?” என்பார்கள். தேயிலை ஃபெக்டரி போய்லரில் முள் ஆடும் வட்டமும் கேஜ், வேனில் எண்ணெய் காட்டுவதும் கேஜ். தோட்டத்து ஆபீஸ் பக்கத்தில் மழையை அளக்க வைத்திருப்பது ரெயின் கேஜ். இவ்வளவும் போதாதென்று, வீட்டுக்குள் மாதிரிக் கோச்சி (ரயில்) ஓட்டும் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் இன்னொரு கேஜைப் பிடித்துக்கொண்டு அலைகிறோம்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அளக்கும் கோல் என்பதும் அந்தக் கோலால் அளப்பது என்பதும் அடிப்படைப் பொருள். பீப்பாய்க்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று அளந்து வரி போட வந்த அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ‘கேஜர்’ என்றே பெயர். கோலுக்கு வைத்த பெயர் பிறகு கோல் காட்டும் அளவுக்கும் போனது, அதன்பின் ‘இதுதான் அளவு’ என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட நிர்ணயத்துக்கும் போனது. கருவி, அளவு, நிர்ணயம் மூன்றுக்கும் அவர்களுக்கு ஒரே சொல்.

தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. கருவி என்றால் மானி: மழைமானி, அழுத்தமானி. தகரத்துக்கும் கம்பிக்கும் தடிப்பு. (அதிலும் ஒரு குறும்பு உண்டு, 26ஐ விட 28 கேஜ் தகரம் மெல்லியது. எண் ஏற ஏறத் தடிப்பு இறங்கும். முதல் தடவை வாங்குகிறவர் கட்டாயம் ஏமாறுவார்.) மிஞ்சி நிற்பது ரயில் கேஜ். அதற்குத்தான் சரியான சொல் தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அகலப் பாதை, மீட்டர் பாதை, குறுகிய பாதை என்று நன்றாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் கேஜுக்குப் ‘பாதை அகலம்’ என்று எழுதுவதும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பாதை என்றால் சல்லியும் அதன்மேல் கிடக்கும் சிலிப்பர் கட்டையும் சேர்ந்ததுதானே? கேஜ் அது இல்லை. இரண்டு தண்டவாளங்களின் தலைப்பகுதிகளுக்கு நடுவே, ஒன்றின் உள்விளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்பு வரை உள்ள தூரம் அது. சில்லின் உள்பக்கத்து விளிம்பு உரசுவது அங்கேதான்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு தச்சு பாஸ். வீட்டின் பின் காம்பராவில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள், கோச்சிப் பாதைக்கு மேசை அடிக்க வந்திருந்தார். “பதினாறரை மில்லிமீற்றர் பாதை” என்றேன். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “தம்பி, உள்ளளவா வெளியளவா?” என்று கேட்டார். ஜன்னல் நிலைக்குக் கேட்கிற அதே கேள்வி. அன்றிலிருந்து நான் கேஜை ‘உள்ளகலம்’ என்றுதான் எழுதுகிறேன். சொல்லும்போதே எங்கே வைத்து அளக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. நீளமாகச் சொல்வதானால் தண்டவாள உள்ளகலம்.

இந்தச் சொல்லோடு எப்போதும் குழம்புவது ‘ஸ்கேல்’. என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிய கதையும் இதுதான். ஆரம்பத்தில் ஒரு கடையில் ‘எச்ஓ’ (HO) என்ற அளவு மாதிரிப் பெட்டிகள் நான்கும், இன்னொரு இடத்தில் ‘என்’ (N) என்ற அளவுத் தண்டவாளம் ஒரு கட்டும் வாங்கினேன். இரண்டும் கேஜின் பெயர், ஏதோ ஒரு வழியில் பொருந்தும் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கி வைத்தால், ஒரு பக்கத்துச் சில்லு தண்டவாளத்தில், மறு பக்கத்துச் சில்லு வெளியே கட்டையில். விற்றவரைக் கேட்டேன். “கேஜ் பார்த்து வாங்கியிருக்கணும்” என்றார். பார்க்கத்தான் பார்த்தேன், எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

ஸ்கேல் என்பது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கினோம் என்ற கணக்கு. லத்தீனில் ஏணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இதற்குப் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை, எங்கள் கணிதப் புத்தகத்திலேயே ‘அளவிடை’ இருக்கிறது. அளவிடைப் படம் வரைந்து அடி வாங்காதவர் யார்? எச்ஓவின் அளவிடை 1:87. பெயரின் பொருள் ‘ஓவில் பாதி’, ஓ (O) என்பது அதைவிடப் பெரிய மாதிரி அளவு. ‘என்’ என்பது 1:160. அந்த எழுத்து ஆங்கிலத்து ஒன்பதின் முதலெழுத்து, உள்ளகலம் 9 மில்லிமீற்றர் என்பதால். பாருங்கள், ஒரு பெயர் அளவிடையிலிருந்து வந்திருக்கிறது, மற்றது உள்ளகலத்திலிருந்து. பிறகு ஏன் குழம்பாது?

அளவிடை முழு உலகத்தையும் சுருக்கும்: பெட்டி, பாலம், வேலியோரத்துத் தேயிலைச் செடி, பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள். உள்ளகலம் ஒரே ஒரு தூரம். முதலாவதை நாம் தெரிவு செய்யலாம். இரண்டாவது அந்தந்த நாட்டு ரயில்காரர்கள் எப்போதோ செய்து வைத்த முடிவு.

இலங்கைக்காரனுக்குத் தலைவலி தொடங்குவது இங்கேதான். எச்ஓவுக்குக் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். அதை 87ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1,435 வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் ஓடும் 4 அடி 8½ அங்குல உள்ளகலம் அது. அந்த அரை அங்குலம்கூடப் பின்னால் சேர்த்தது, சில்லு இறுகாமல் ஓட. நம்முடைய பாதையோ இந்தியாவின் அகலப் பாதை அளவு: 5 அடி 6 அங்குலம், 1,676 மில்லிமீற்றர். அதை 87ஆல் சுருக்கினால் 19.2க்கு மேல் போகிறது. வித்தியாசம் 2.7 மில்லிமீற்றர்தான். ஆனால் பதுளைக் கோச்சியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். பெரிய ஆள் சின்னப் பிள்ளையின் செருப்பில் நிற்கிற மாதிரி.

1914க்குப் பிறகு தனுஷ்கோடி – தலைமன்னார் வழியாக வந்தவர்களின் காலடியில் இந்த வித்தியாசம் கிடந்தது. பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடி வரைக்கும் வந்த ரயில் மீட்டர் பாதையில், 1,000 மில்லிமீற்றரில் ஓடியது. கப்பலேறி இறங்கி, தலைமன்னாரில் ஏறிய கோச்சி 1,676இல். நானுஓயாவில் இறங்கி கந்தப்பளை, ராகலைப் பக்கத் தோட்டங்களுக்குச் சின்னக் கோச்சியில் போனவர்களுக்கு மூன்றாவது உள்ளகலமும் வாய்த்தது: 2 அடி 6 அங்குலம், 762 மில்லிமீற்றர். ‘கேஜ்’ என்ற சொல்லே தெரியாமல் மூன்று கேஜில் பயணம் செய்தவர்கள்.

கோச்சி என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக் கோச்சிலிருந்து வந்தது, சிங்களத்தில் கோச்சிய. ஸ்டேஷன் பலகையில் ‘புகையிரதம்’ இருக்கிறது, புகைவண்டி காலத்துச் சொல். பேச்சில் கோச்சிதான்.

இனி மேசைக்கு வருவோம். பெரிய அமைப்பு கட்டப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவிடையைத்தான், ஏனென்றால் அறையை விழுங்குவது அது. மலைப் பாதையின் இறுக்கமான வளைவுகளின் ஆரை 5 சங்கிலி, சுமார் 100 மீற்றர். எச்ஓவில் அது 1.15 மீற்றர். முழு வட்டமாகப் போட்டால் ஏழரை அடி. தெமோதரையில் கோச்சி ஸ்டேஷனை விட்டுச் சுற்றிப் போய், அதே ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தால் வருகிறதே, அந்த வளையத்தை அப்படியே செய்யப் பார்த்தால் என் காம்பராவில் ஆள் நிற்க இடமிராது. ஏற்றமும் அப்படித்தான். மலையில் 44 அடிக்கு 1 அடி ஏறும். மேல் பாதையின் அடியில் கீழ்ப்பாதைக் கோச்சி நுழைய 10 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால், அந்த உயரத்துக்கு 4.4 மீற்றர் ஓட வேண்டும். கடைப்பெட்டியோடு வரும் வளைவுகளின் ஆரை அரை மீற்றர்கூட இருக்காது. நிஜத்தில் எந்தக் கோச்சியும் அதில் திரும்பாது. அதனால் கொஞ்சம் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும், எவ்வளவு பொய் என்பது அவரவர் மனசாட்சி.

உள்ளகலத்திலும் அதே கேள்வி வரும். 16.5ஐயே போட்டுவிட்டு, சல்லியை நன்றாகப் பரப்பிக் கண்ணை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் சிலிப்பர் கட்டை சீவி, 19.2க்குக் கையாலேயே பாதை போடலாம். நான் ஒரு முழம் போட்டுப் பார்த்தேன். அலுமினியத் தகட்டில் இரண்டு பள்ளம் வெட்டி, அதை நகர்த்தி நகர்த்தி ஒட்டினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. பாதை அழகாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது, வண்டிகளின் சில்லுகளையும் அச்சில் தள்ளி வைக்க வேண்டுமே!

இதைவிட ஓர் ஆறுதல் ராகலைப் பாதையில் கிடைத்தது. 762ஐ 87ஆல் சுருக்கினால் 8.75. கடையில் கிடைக்கும் ‘என்’ தண்டவாளம் 9. கால் மில்லிமீற்றர் வித்தியாசம், எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நான் அவசரத்தில் தவறாக வாங்கிய அதே கட்டு. இப்போதும் ஓடுகிற பதுளைப் பாதையைச் சரியாகச் செய்ய முடியவில்லை, 1948இல் மூடிய நானுஓயா – ராகலைப் பாதை தானாகவே சரியாக வருகிறது. மேசையின் ஓரத்தில் பென்சிலால் ‘உள்ளகலம் 9’ என்று எழுதி வைத்தேன். பாஸ் அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் பலகையை வெட்டத் தொடங்கினார்.