பதிப்புரிமையா, காப்புரிமையா, படைப்புரிமையா?

'காப்பிரைட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் படியெடுக்கும் உரிமை என்பதே. 'காப்பி'க்கு மூலமான 'கோப்பியா' என்ற இலத்தீன் சொல் முதலில் மிகுதியையும் பின்னர் படியையும் குறித்தது. பழைய லண்டன் நூல்வணிகர் சங்கத்தில், ஒரு நூலைத் தன் பெயரில் பேரேட்டிற் பதிந்துகொண்ட உறுப்பினரைத் தவிர வேறெவரும் அதனை அச்சிடலாகாது. எழுதியவருக்கு அந்தப் பேரேட்டில் இடமிருக்கவில்லை. 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டமே நூலாசிரியரை உரிமையாளராக ஏற்று, புதிய நூலுக்கு 14 ஆண்டும், அவர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டும் வழங்கிற்று. பிரெஞ்சு மொழியிலோ இதன் பெயரே 'ஆசிரியரின் உரிமை' என்பதாகும்.

தமிழில் வேரூன்றிய சொல் பதிப்புரிமை. 1849இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் நிறுவிய காலத்து நூல்களின் முகப்பில் 'அச்சிற் பதிப்பிக்கப்பட்டது' என்றே காண்கிறோம். ஆகவே இச்சொல் அச்சுத்தொழிலோடு பிறந்தது. பாட்டையும் ஓவியத்தையும் கணினி நிரலையும் தழுவும் இன்றைய உரிமைக்கு அது சற்றே ஒடுங்கியது. காப்புரிமை என்பதை நான் ஏற்பதில்லை. 'காப்பி' என்ற ஒலியோடு ஒத்திருப்பதாலேயே அது பரவியிருக்க வேண்டும். புதுப்புனைவுக்கான பேட்டண்டையும் அச்சொல்லாற் குறிப்பதால், படிப்பவர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டுவிடுகிறார்.

எழுதியவரை முன்னிறுத்தும் சொல் படைப்புரிமை. நன்னூற் பாயிரம் ஒரு நூலுக்குச் சொல்லவேண்டியவற்றை 'ஆக்கியோன் பெயரே' என்றுதான் தொடங்குகிறது. நம் ஊரில் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்காக அச்சிடும் 'கல்வெட்டு' என்னும் நினைவு நூல்களில், ஒரு வீட்டுக்காக ஒருவர் பாடிய புலம்பற்பா, இறந்தவரின் பெயரும் ஊரும் மட்டும் மாற்றப்பட்டு இன்னொரு வீட்டுக் கல்வெட்டில் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாடியவர் பெயர் எங்குமிராது. அச்சிட்ட அச்சகத்தின் பெயர் மட்டும் பின்னட்டையில் தவறாமல் இருக்கும். அதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் பாதுகாப்பு அளிப்பதோடு, படைப்பால் வருவாய் பெறும் பொருளியல் உரிமையை அவர் பிறருக்குக் கொடுத்துவிட்ட பின்னரும் தம் பெயரைக் காட்டுமாறு கேட்கவும், தம் மதிப்பைக் குலைக்கும் சிதைவை மறுக்கவும் அவருக்கு உரிமை தருகிறது. ஆதலால், பதிப்பகத்தாருக்கு எழுதிக் கொடுக்கக்கூடியதைப் பதிப்புரிமை என்றும், கொடுத்த பின்னும் ஆக்கியோனிடம் எஞ்சுவதையும் சேர்த்த முழுமையைப் படைப்புரிமை என்றும் வழங்கலாம்.