இடைக்காலப் பாதுகாப்பு ஆணை: சொல் விளக்கம்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் இதை ஐ.பி.ஓ. ('இண்டரிம் புரொடெக்‌ஷன் ஆர்டர்') என்றுதான் சொல்வார்கள். மலாயில் 'பெரிந்தா பெர்லிண்டுங்கான் இண்டரிம்'. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், அடித்தவரோ மிரட்டியவரோ பாதிக்கப்பட்டவரை மீண்டும் துன்புறுத்தக்கூடாது என்று மாஜிஸ்திரேட் போடும் ஆணை இது.

'இண்டரிம்' லத்தீனிலிருந்து வந்த சொல், பொருள் 'இதற்கிடையில்'. எதற்கு இடையில்? போலீஸ் விசாரணை தொடங்கி முடியும்வரை. அதனால் சிலர் எழுதும் 'தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவு' எனக்குச் சரியாகப் படவில்லை. தற்காலிகம் என்றதும் பத்து நாளில் காலாவதியாகும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இந்த ஆணையின் ஆயுள் விசாரணையோடு கட்டப்பட்டது. வழக்கு நீதிமன்றம் போனால் அதன் பிறகு கேட்க வேண்டியது வேறொன்று: 12 மாதம்வரை செல்லும், நீட்டிக்கவும் கூடிய 'பாதுகாப்பு ஆணை'.

'உத்தரவு' என்ற சொல்லையும் தவிர்க்கலாம். "உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்" என்று பெரியவர்கள் விடைபெறுவார்களே, அதில் அனுமதி என்ற வாடை இருக்கிறது. 'ஆணை'யில் அந்தக் குழப்பம் இல்லை.

நடைமுறை இப்படி: பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ரிப்போட் போட வேண்டும். கவுண்டரில் "குடும்பச் சண்டைதானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கம்மா" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். இன்று விழுந்த அடியோடு நிறுத்தாமல், முன்பு நடந்ததையும் மிரட்டிய வார்த்தைகளையும் ரிப்போட்டில் எழுதச் சொல்லுங்கள். விசாரணை அதிகாரியின் கடிதத்தோடு ஜே.கே.எம். எனப்படும் சமூகநல இலாகாவுக்குப் போனால், அங்குள்ள அதிகாரி நீதிமன்ற மனுவுக்கு உதவுவார்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது ஈ.பி.ஓ., அதாவது அவசரப் பாதுகாப்பு ஆணை. 2017 திருத்தத்தில் வந்து 2018 முதல் நடப்பில் உள்ளது. ரிப்போட் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். சமூகநல அதிகாரியே விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். ஆயுள் 7 நாள். மலாயில் அவசரத்துக்கு 'கெச்செமாசான்' என்கிறார்கள். அதன் வேர் 'செமாஸ்', பதற்றம். நம் 'அவசரம்' வடமொழியில் வாய்ப்பு, தருணம் என்ற பொருளில் இருந்து தமிழில் பதைப்பாக மாறியது. இரண்டு மொழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்குப் பிடித்த விஷயம்.

நம் சமூகத்தில் பலரைத் தயங்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லையே? பரவாயில்லை. சமய, வழக்கச் சடங்குப்படி மணந்தவர், பதிவு இல்லாவிட்டாலும், இந்தச் சட்டத்தில் துணைவர்தான். விவாகரத்தான முன்னாள் கணவரும் இதில் அடக்கம். எந்தச் சடங்கும் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களைத்தான் சட்டம் இன்னும் வெளியே நிறுத்தியிருக்கிறது. அது பெரிய ஓட்டை.

கையில் கிடைத்த ஆணையின் நகலைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். மீறி வந்தால் அதுவே தனிக் குற்றம். போலீஸ் கைது செய்யலாம். உதவிக்கு அழைக்கும் 'தாலியான் காசே' தொலைபேசிச் சேவையின் எண் 15999, 24 மணி நேரமும் உண்டு. பினாங்கில் 1985 முதல் இயங்கும் மகளிர் மாற்ற மையம் ஆலோசனையும் சட்ட விளக்கமும் தருகிறது.