ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பாகப்பிரிவினை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், 500 ஜிபி டிஸ்க். பழைய கல்யாணங்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அப்படியும் சி டிரைவ் இடமில்லை என்று சிவப்பாகவே நிற்கிறது. வைரஸ் தின்கிறது, ஃபார்மட் போடணும் என்கிறார்கள். உண்மையா?"

காரணம் தெரியாததை எல்லாம் வைரஸ் தலையில் கட்டுவது, கண்ணேறு பட்டுவிட்டது என்று சொல்வதைப் போன்ற பழக்கம். எண்ணிப் பார்க்க முடிந்த விஷயத்தை எண்ணித்தான் பார்க்க வேண்டும். 500 என்று வாங்கிய டிஸ்க் 465 என்று காட்டுவதும் திருட்டு அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

சரி, இடம் எங்கே போனது? அதைக் கண்டுபிடிக்கும் செயலி, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிக் கோப்புகளின் அளவைக் கூட்டிக்கொண்டே மேலே வருகிறது. வெறும் கூட்டல். ஆனால் லட்சக்கணக்கான கோப்புகளின் பட்டியலைக் கண் எப்படிப் படிக்கும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1990இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் 14 பேருக்குப் பொதுவாக ஒரு டிஸ்க் இருந்தது. மொத்தமே 80 எம்பி. அது நிரம்பிவிட்டது, இடம் எங்கே போனது என்று புரியவில்லை. அதற்கு அவர் கண்ட வழிதான் ட்ரீமேப் என்ற படம்.

நம் ஊர்ப் பாகப்பிரிவினையை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் செவ்வக நிலம்தான் முழு டிஸ்க். மூன்று பிள்ளைகளுக்கு நெடுக்காக வரப்பு போடுகிறோம், சமமாக அல்ல, அவரவர் குடும்பத்தின் அளவுப்படி. அப்புறம் ஒவ்வொரு பங்கையும் பேரன்களுக்குக் குறுக்காகப் பிரிக்கிறோம். கொள்ளுப்பேரன்களுக்கு மறுபடியும் நெடுக்காக. ஃபோல்டர்கள் தீர்ந்து கோப்புகள் வரும்வரை இப்படியே. கைப்பிடி மண்கூட மிச்சமாகாது. எவ்வளவு பெரிய கோப்போ அவ்வளவு பெரிய வயல். ஒரு பெயரைக்கூடப் படிக்காமல், யார் அதிகம் வளைத்துப் போட்டிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஒரு குறை இருந்தது. சில பங்குகள் கயிறு போல நீண்டு ஒல்லியாகிவிடும்; பரப்பு சரி, ஏர் திருப்ப இடமில்லை. 2000இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் ஆய்வாளர்கள் இதைச் சரிசெய்தார்கள். பெரிய பங்கை முதலில் வைக்க வேண்டும். அடுத்ததை அதே வரிசையில் சேர்த்தால் துண்டுகள் சதுரத்தை நெருங்குகின்றனவா? நெருங்கினால் சேர், இல்லையென்றால் வரிசையை அங்கேயே முடித்து, மீதி நிலத்தில் புதிதாகத் தொடங்கு. என்ன அழகான யோசனை!

நிரம்பிய டிஸ்க் என்ற சின்னத் தொல்லையை விடாமல் துரத்த ஒருவருக்கு நேரம் கிடைத்ததால் வந்தது இது. இன்று பங்குச்சந்தை நிலவரத்தைக்கூட இப்படி வரைகிறார்கள். ஆய்வு நிதி கேட்டு வருபவரிடம் 'இதனால் என்ன லாபம்?' என்பது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டிஸ்க்கை இப்படி வரைந்து காட்டும் வின்டிர்ஸ்டாட் என்ற இலவசச் செயலியை ஓட்டி, படத்தை அனுப்பும்படி கடலூர் வாசகரிடம் சொன்னேன். கால்வாசி நிலம் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் கிடந்தது. ஒவ்வொரு வீடியோவுக்கும் எடிட்டிங் செயலி தானாகச் சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகள். கல்யாணங்களை எடுத்துவிட்டார், பந்தலைப் பிரிக்கவில்லை. அந்தச் செயலியின் செட்டிங்ஸ் வழியாகவே அவற்றை அழிக்கலாம்.

விண்டோஸுக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரும் பெரிதாகத் தெரியும். அதில் நேராகக் கைவைக்காதீர்கள். அங்குள்ள பல கோப்புகளுக்கு வேறு ஃபோல்டரிலும் ஒரு பெயர் உண்டு, டிஸ்க்கில் இருப்பதோ ஒரே பிரதி. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா இருந்தால் கணக்கில் இரண்டு முறை ஏறிவிடும் அல்லவா, அப்படி. அதைக் குறைக்க விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்பதை டிக் செய்தால் போதும்.