ஹாபிடாட்: வாழிடமா, வாழ்விடமா, உறைவிடமா?

ஐரோப்பாவின் இயற்கைக் காப்பைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர் முதல் பத்தியிலேயே தடுக்கி நிற்கும் சொல் ‘ஹாபிடாட்’. 1992 மே 21 அன்று இயற்றப்பட்டு, இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளையும் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கே ‘ஹாபிடாட் நெறியாணை’ என்றுதான் வழக்கில் பெயர். நெறியாணை என்பது எட்ட வேண்டிய முடிவைக் கட்டாயமாக்கி, எட்டும் வழியை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிடும் ஆணை. இந்த ஹாபிடாட்டை நம்மவர்கள் வாழிடம், வாழ்விடம், உறைவிடம், சரணாலயம் என்று மனம்போல எழுதி வருகிறார்கள். நான்கும் ஒன்றல்ல, வாழிடம் என்பதே பொருந்தும் என்பது என் முடிவு.

சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘ஹாபேரே’ என்றால் கொண்டிருத்தல், உடைத்தாயிருத்தல். அதிலிருந்து ‘ஹாபிடாரே’, அதாவது விடாமல் கொண்டிருத்தல், அதன்வழிக் குடியிருத்தல், பிறந்தது. ‘ஹாபிடாட்’ அவ்வினையின் படர்க்கை ஒருமை நிகழ்கால முற்று. அதன் நேர்ப்பொருள் ‘வாழ்கிறது’ என்பதே. 18ஆம் நூற்றாண்டின் இயற்கையியலார் தாவரங்களையும் விலங்குகளையும் இலத்தீனில் விவரித்தபோது, அந்த இனம் எங்கே காணப்படுகிறது என்பதை இந்த வினைமுற்றால் தொடங்கி எழுதினார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவரத் தொகுப்பில் மாமரத்துக்கான பதிவு ‘ஹாபிடாட் இன் இந்தியா’ என்கிறது: ‘இந்தியாவில் வாழ்கிறது’. பதிவுக்குப் பதிவு அதே இடத்தில் அதே சொல் நின்றதால், படித்தவர்கள் அதை வினையாகப் பாராமல் தலைப்பாகப் பார்க்கத் தொடங்கினர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லாகிவிட்டது. இலக்கணப்படி பார்த்தால் பிழையில் பிறந்த சொல்தான். ஆயினும் அந்தப் பிழைக்குள் ஒரு வினை உயிரோடு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும்.

ஐரோப்பிய மொழிகள் எல்லாமே இந்த இலத்தீன் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. போலந்து மொழி ‘ஷெட்லிஸ்கோ’ என்கிறது. குடியேறுதலோடு உறவுடைய அச்சொல் அங்கே உழவர் வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்துக் குறிப்பதும் உண்டு. ஹங்கேரிய மொழியின் ‘ஏலோஹேய்’ என்பதைப் பிரித்தால் ‘வாழும்’ என்றும் ‘இடம்’ என்றும் பிரியும். நம் வாழிடத்துக்கு உடன்பிறப்பு. சிக்கலில் மாட்டியது ஜெர்மன். வாழ்க்கை, வெளி ஆகிய இரண்டையும் சேர்த்து ‘லேபென்ஸ்ராவும்’ என்னும் சொல்லைப் புவியியலாளர் ஃபிரீட்ரிக் ராட்ஸெல் 1901இல் உயிர்ப்புவியியல் பொருளில் விரித்து எழுதினார். பின்னர் நாஜிகள் அதையே கிழக்கு ஐரோப்பிய நிலங்களைப் பறிப்பதற்கான முழக்கமாக்கினர். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஜெர்மன் தலைப்பில் அச்சொல் உயிரியல் பொருளில் திரும்பவும் இடம்பெறுகிறது. மக்கள் வழக்கிலோ ‘ஃபவுனா, ஃப்ளோரா, ஹாபிடாட்’ என்பதன் முதலெழுத்துகளான ‘எஃப் எஃப் ஹா’ தான் நிலைத்திருக்கிறது.

ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளிலும் சட்டப் பாடம் சம அதிகாரம் உடையது என்பதால், சொல் ஒவ்வொரு மொழியிலும் வேறு சாயல் கொண்டிருக்க, பொருள் மட்டும் பிசகாமல் இருக்க வேண்டும். இதற்குச் சட்டம் கண்ட வழி எண். முதல் பின்னிணைப்பில் 200க்கும் மேற்பட்ட வாழிட வகைகள் பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கிலக்கக் குறியெண் தரப்பட்டுள்ளது. தாழ் ஓதத்தின்போது நீர் விலகி வெளித்தெரியும் சேற்றுப் பரப்புக்கும் மணற்பரப்புக்கும் எண் 1140. டேனியரும் டச்சுக்காரரும் தத்தம் மொழியில் எப்படி அழைத்தாலும், 1140 என்றால் இருவரும் ஒரே சேற்றைத்தான் பார்க்கிறார்கள். இப்படித் தேர்ந்த இடங்களும், 1979ஆம் ஆண்டுப் பறவைகள் நெறியாணையின்கீழ் வரும் இடங்களும் சேர்ந்ததே ‘நாட்டுரா 2000’ என்னும் வலையமைப்பு; ஏறத்தாழ 27,000 இடங்கள், ஒன்றிய நிலப்பரப்பில் 18 சதவீதத்துக்கும் மேல்.

1140ஐ நேரில் காண வேண்டுமானால் வாடன் கடலுக்குப் போக வேண்டும். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் கரையோரமாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளும் ஆழமற்ற கடல் அது. ஓதம் இறங்கியபின் சேற்றில் நடந்தால், காலடியில் இடியாப்பத்தைப் பிழிந்து வைத்தாற்போல் சிறுசிறு மணற்சுருள்கள் தெரியும். மணலை விழுங்கி, சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளித்தள்ளும் புழுக்களின் வேலை. ‘நாட்’ எனப்படும் உள்ளான் வகைப் பறவை இச்சேற்றிலுள்ள சிறு மட்டிகளை ஓட்டோடு விழுங்கிக் கொழுப்பேற்றிக்கொள்கிறது. அதன் ஓரினம் சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் குஞ்சு பொரித்து, மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியக் கரையில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வாடன் கடல் அதற்கு இடைவழிச் சத்திரம். அப்பறவையின் வாழிடம் எது என்று கேட்டால் மூன்றையும் சொல்லியாக வேண்டும். ஓர் இனம் தன் வாழ்க்கைச் சுற்றின் எந்தக் கட்டத்தில் வாழும் சூழலானாலும் அது அந்த இனத்தின் வாழிடமே என்று நெறியாணை வரையறுப்பது இதனால்தான். ஆக, சட்டத்தில் சொல்லுக்கு இரு பொருள்: நிலத்தின் தன்மையால் அறியப்படும் இயற்கை வாழிடம் ஒன்று; ஓர் இனத்தின் வாழிடம் மற்றொன்று.

மூன்று நாடுகளும் 1982இல் கூட்டறிக்கை வெளியிட்டு, 1987இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரில் பொதுச் செயலகம் அமைத்தன. 1988இல் ஒரு வைரஸ் நோய் வாடன் கடலின் சீல் எனப்படும் கடல்நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றபோது, நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது என்பது அனைவருக்கும் உறைத்தது. 1990இல் கையெழுத்தான சீல் ஒப்பந்தம், சீல்கள் இணைசேரவும் ஈனவும் பாலூட்டவும் இரைதேடவும் இளைப்பாறவும் இன்றியமையாத பகுதிகள் எல்லாவற்றையும் வாழிடம் என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்குகிறது. மணல்திட்டில் படுத்திருக்கும் சீல்களை மூன்று நாட்டு விமானங்களும் ஒருங்கிணைந்த நாட்களில் எண்ணுகின்றன. இல்லாவிட்டால் இன்று டச்சுக் கணக்கில் வந்த சீல் நாளை ஜெர்மன் கணக்கிலும் வந்துவிடும். இக்கடல் 2009இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது டேனியப் பகுதி அதில் இல்லை. 2014இல்தான் அது இணைந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். சரணாலயம் என்பது அடைக்கலம் தரும் இடம். வேட்டைக்குத் தடை, ஆள் நுழைய அனுமதி பெற்றாக வேண்டும் என்னும் படிமங்கள் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாட்டுரா இடங்கள் பலவற்றிலோ உழவும் மேய்ச்சலும் நடக்கின்றன. வைக்கோல் புல்வெளி போன்ற சில வாழிட வகைகள் ஆண்டுதோறும் அறுத்தால்தான் நிலைக்கும், அறுக்காவிட்டால் புதர் மண்டிவிடும். உறைவிடம் பழைய, அழகிய சொல். உறைதல் என்றால் தங்கி வாழ்தல்தான். ஆனால் ‘உண்டு உறைவிடப் பள்ளி’ அதை விடுதிக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. வாழ்விடம் இன்னும் தெளிவாக மனிதர் பக்கம் போய்விட்டது: 2021இல் தமிழ்நாட்டின் குடிசை மாற்று வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது, அங்கும் ஆங்கிலப் பெயரில் இருப்பது இதே ஹாபிடாட்தான். திணை என்று சொல்லலாமே என்று சிலர் கேட்பர். நிலம், பொழுது, மரம், பறவை எல்லாம் அதில் உண்டு என்பதால் ஆசை எழுவது இயல்பே. ஆனால் புணர்தலும் பிரிதலும் இல்லாமல் திணை இல்லை, 1140க்கோ அவை தேவையில்லை.

தொடர்புடைய இன்னொன்று. பல நாடுகள் சேர்ந்து காக்கும் வாழிடத்தை ‘எல்லை தாண்டிய’ என்று அடைமொழியிட்டால், செய்தித்தாள் படிப்பவர் காதில் கைதும் பயங்கரவாதமும்தான் ஒலிக்கும். 2021இல் யுனெஸ்கோ ஏற்ற, ஆஸ்திரியா முதல் செர்பியா வரை ஐந்து நாடுகளில் விரியும் மூர், திராவா, டான்யூப் ஆறுகளின் உயிர்க்கோளக் காப்பகத்தை ‘எல்லைகடந்த காப்பகம்’ என்பதே தகும்.

வாழிடம் வினைத்தொகை. வாழ்ந்த இடம், வாழ்கிற இடம், வாழும் இடம் என மூன்று காலத்துக்கும் அது விரியும். இலத்தீன் சொல்லுக்குள் இருக்கும் வினையைத் தமிழில் காப்பாற்றுவது இந்த அமைப்புத்தான். வாழ்வு என்னும் பெயர் முன்னிற்கும் வாழ்விடத்தில் அது கிடைக்காது. இது வெறும் இலக்கண நயம் என்று தோன்றினால், வியன்னாவின் ஹாம்ஸ்டர் வழக்கைப் பார்க்கலாம். வயல் எலியைவிடப் பருத்த, கன்னத்தில் தானியம் பதுக்கும் அந்தப் பிராணியின் வளைகள் ஒரு கட்டுமானப் பணியில் சிதைக்கப்பட்டன. வளைகளில் அப்போது ஹாம்ஸ்டர்கள் குடியில்லை என்பது வாதமாக எழுந்தது. 2020 ஜூலை 2 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அவை திரும்பிவர போதிய அளவு வாய்ப்பிருக்குமானால், காலியாகக் கிடக்கும் வளையும் நெறியாணை காக்கும் இளைப்பாறும் இடமே என்று தீர்த்தது. வாழ்ந்த இடம், வாழும் இடம் ஆகிய இரண்டும் அந்தக் காலி வளைக்குள் இருந்தன.