உங்கள் தெருவில் ஏறுவது எந்த ஏரித் தண்ணீர்?

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இரண்டுக்கும் நடுவே ஒரு மின்சார ரயில் பயண தூரம்தான். அதனால், "சென்னையில் எவ்வளவு மழை?" என்று கேட்பதை விட "நம்ம ஏரியாவில் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில்?" என்று கேட்பதுதான் பயன் தரும்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கி.மீ. பரப்பில் 10 செ.மீ. கொட்டினால் 10 கோடி லிட்டர். அது ஒரு நாள் முழுக்கப் பரவலாகப் பெய்தால் வடிகால் ஓரளவு சமாளிக்கும். இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் தெருவே கால்வாய்தான். வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யைத் தொட்டால் கனமழை என்கிறது, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதிகனமழை என்கிறது. ஆனால் அந்த நாள் கணக்கு காலை 8.30-க்கு முடிந்துவிடும். காலை 6 மணிக்குப் பிடித்து 11 மணிக்கு விட்ட மழை இரண்டு நாள் கணக்கில் பிரிந்துபோய், இரண்டிலும் சின்னதாகத் தெரியும்.

மணிவாரிக் கணக்குக்குத் தானியங்கி மழைமானி வேண்டும். அதைத் திறந்து பார்த்தால் புனலுக்கு அடியில் சீசா பலகை போல இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் நிரம்பியதும் 'டக்' என்று சாய்ந்து தண்ணீரைக் கொட்டும், மறுபக்கம் மேலே வந்து மழையை வாங்கும். ஒரு சாய்வு 0.2 அல்லது 0.5 மி.மீ. தூறலில் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கும் கிண்ணம், பெருமழையில் விடாமல் அடித்துக்கொள்ளும். அப்போது சாயும் நொடியில் கொஞ்சம் தண்ணீர் கணக்கில் சேராமல் நழுவும் என்பதால், மழை வலுக்க வலுக்க மானி சற்றுக் குறைத்தே காட்டும்.

மானி இல்லாத இடங்களுக்கு ரேடார். அது அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் வலுவை வைத்து மழையை மதிப்பிடுகிறது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகிவிடும். ஆகவே சில பெரிய துளிகளே படத்தைச் சிவப்பாக்கிவிடலாம். பூமி வளைந்திருப்பதால் 100 கி.மீ. தள்ளிப் போகும்போது ரேடாரின் தாழ்ந்த கற்றைகூடச் சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும், அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. ரேடார் படத்தில் நிறத்தை விட நகர்வைப் பாருங்கள். மேகக்கூட்டம் கடலிலிருந்து வந்து வந்து ஒரே இடத்தின் மேல் தொடர்ந்தால் அதுதான் ஆபத்து.

மொட்டை மாடியில் நீங்களும் அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான டப்பா, ஒரு ஸ்கேல், சுவரும் மரமும் மறைக்காத இடம் போதும். மணிக்கொரு தடவை குறித்து வையுங்கள்.

ஆனால் வெள்ளம் உங்கள் மாடியில் பெய்த மழையால் மட்டும் வருவதில்லை. இதைத்தான் நாம் அடிக்கடி மறக்கிறோம். 2015 நவம்பரில் மட்டுமே நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்து, மண்ணும் ஏரிகளும் நிறைந்து கிடந்தன. டிசம்பர் 1 அன்று பெய்த மழைத் தண்ணீர் போய்த் தங்க இடமில்லை. அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த உபரிநீர் நொடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. லிட்டரில் சொன்னால் நொடிக்கு 8 லட்சத்துக்கும் மேல்.

அதற்காக எல்லாப் பழியையும் செம்பரம்பாக்கத்தின் மேல் போட முடியாது. அந்த உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த இடத்துக்கு மேலே, ஆறு வரும் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே புகும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிவது. முடிச்சூர்க்காரர் செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கை வருமுன் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கோட்டூர்புரத்துக்காரரோ ஏரித் திறப்பு, மேல்பகுதி மழை இரண்டையும் பார்க்க வேண்டும். கூடவே கடலையும். நாளுக்கு இரண்டு முறை ஓதம் (கடல்மட்டம்) ஏறும் நேரங்களில் அடையாறு முகத்துவாரத்தில் ஆறு வடிவது மந்தமாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரம் நின்றபோது கடலே தண்ணீரை வாங்க மறுத்தது. மழை விட்ட பிறகும் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது.