டவுட்டும் சஸ்பெக்டும் ஒன்றில்லை, தயவுசெய்து

போன வாரம் இன்னொரு புகார்க் கடிதம் கைக்கு வந்தது. ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் புகார்க் கடிதம் புதிதில்லை. ஆனால் இதை ஏற்கெனவே அனுப்பிவிட்டு, காரியம் கெட்ட பிறகு கொண்டுவந்திருந்தார்கள். கல்லாவில் பணம் குறைகிறது, கூட வேலை செய்பவர்மேல் சந்தேகம், கடிதம் எழுதியவர் உடனே உட்கார்ந்து 'ஐ டவுட் தட் ஹி டுக் த மணி' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். அவர் சொல்ல நினைத்தது, "இவர்தான் எடுத்திருப்பாரோ என்று சந்தேகப்படுகிறேன்." அந்த வரி சொல்வதோ, "இவர் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை." புகாருக்கு ஆளானவர் அந்த வரியையே எடுத்துக் காட்டி, "பாருங்கள், இவரே என்னை நம்புகிறார்" என்றாராம். அவரை என்ன சொல்ல முடியும், வாசகம் அவர் பக்கம்தானே இருக்கிறது!

இந்த ஒரு தவறை மட்டும் எத்தனை முறை திருத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. திருத்தினால் உடனே வரும் பதில்: "அகராதியில் டவுட், சஸ்பெக்ட் இரண்டுக்கும் சந்தேகம் என்றுதானே போட்டிருக்கிறது?" போட்டிருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? தமிழில் அந்த ஒரே சொல் இரண்டு பக்கமும் வேலை செய்யும், அதுதான் சங்கதி. 'அவன் வருவானா என்பது சந்தேகம்தான்' என்றால் வரமாட்டான் போலிருக்கிறது. 'அவன் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்' என்றால் எடுத்திருப்பான் போலிருக்கிறது. எந்தப் பக்கம் என்பதை வருவானா, எடுத்திருப்பானோ என்று வால்பகுதியில் நாம் காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது, வினைச்சொல்லே பக்கத்தைச் சொல்லிவிடும். டவுட் என்றால் 'இல்லை என்று நினைக்கிறேன்', சஸ்பெக்ட் என்றால் 'ஆமாம் என்று நினைக்கிறேன்'. மற்ற எல்லாச் சொல்லும் அப்படியே இருக்க, இந்த ஒன்றை மாற்றினால் வாக்கியம் தலைகீழாகிவிடும். ஒரே பொருள் என்று இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

டவுட்டின் வேர் லத்தீனில் 'இரண்டு' என்ற சொல்லோடு தொடர்புடையது, இரு மனதாக நிற்பது. (உச்சரிக்காத அந்த 'பி' எழுத்துகூட லத்தீனைப் பார்த்துப் பின்னால் செருகியதுதான்.) சஸ்பெக்டின் வேர் கீழிருந்து பார்ப்பது, அதாவது ஓரக்கண் பார்வை.

நன்றாகப் படித்த ஒருவர் என்னை மடக்கியும் இருக்கிறார்: ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட்டே 'ஐ டவுட் சம் ஃபவுல் பிளே' என்கிறானே, அங்கே ஏதோ சதி நடந்திருக்கிறது என்றுதானே பொருள்? உண்மைதான், அந்தக் காலத்தில் அப்படியும் வழங்கியது. ஆனால் உங்கள் புகாரைப் படிப்பவர் இந்தக் காலத்தில் இருக்கிறார்.

அப்புறம் 'ஐ ஹேவ் எ டவுட்'. பாடத்தில் புரியாததைக் கேட்க நம்மிடையே இது செல்லுபடியாகும். வெளிநாட்டவர் பேசி முடித்ததும் இப்படிச் சொன்னால், அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்றால் போதும்.

செய்தி மொழிபெயர்ப்பவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். சஸ்பெக்ட் என்பவர் சந்தேகத்துக்குரியவர். அக்யூஸ்ட் குற்றம் சாட்டப்பட்டவர். நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் கன்விக்ட், குற்றவாளி. விசாரணைக்கு அழைத்துப் போனவரை மறுநாளே தலைப்பில் குற்றவாளி ஆக்காதீர்கள், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது.

டவுட் என்று எழுதிவிட்டீர்களா, அனுப்பும் முன் அந்த இடத்தில் 'ஐ டோன்ட் திங்க்' போட்டுப் படியுங்கள். நினைத்த பொருள் வந்தால் விடுங்கள், தலைகீழாக வந்தால் சஸ்பெக்ட். ஆள்மேல் சந்தேகம் என்றால் 'சஸ்பெக்ட் ஹிம் ஆஃப்' என்று எழுதி, பிறகு செயலைச் சொல்லுங்கள். வெறுமே 'ஐ டவுட் ஹிம்' என்றால் அவர் பேச்சில் நம்பிக்கை இல்லை என்பதோடு நின்றுவிடும். அகராதியைத் திறந்தால் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். வேலை போகிற விஷயம், காவல் நிலையம் போகிற விஷயம் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். இல்லையா, அனுப்புவதற்கு முன்னால் என்னைப் போன்ற யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடுங்கள். அனுப்பிய பிறகு கொண்டுவந்தால் நான் எதைத் திருத்துவது?